ஒரே படியால் அளப்போம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

அளவையைப் பற்றி வியாபாரிகளாகிய நமக்கு எவரும் புதிதாகப் பாடம் சொல்லத் தேவையில்லை. வாங்குவதற்குப் பெரிய படி, விற்பதற்குச் சிறிய படி என்று இரண்டு படிகள் வைத்திருப்பவனோடு நம் பாட்டன்மார் கொடுக்கல் வாங்கலே வைத்துக்கொள்ள மாட்டார்கள். திருமறையின் 83-ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் முதஃப்பிஃபீன் இத்தகையோரைக் கண்டித்தே தொடங்குகிறது. தமக்கு வரவேண்டியதை நிறைய அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குச் சேரவேண்டியதைக் குறைத்து அளப்பவர்களுக்குக் கேடு உண்டு என்று அது எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுந்தானா? மனிதனுக்கு மனிதன் காட்டவேண்டிய நியாயத்துக்கு அது பொருந்தாதா? பொருந்தும் என்பதே நாம் இங்கே சொல்லவந்த செய்தி. வீட்டை வாடகைக்கு விடுவதிலும் கடன் கொடுப்பதிலும் ஆளுக்கொரு படி வைத்து அளக்கும் வழக்கத்தைப் பற்றியும், அதைத் தடுக்க அரசாங்கங்கள் செய்த சட்டங்களைப் பற்றியும், அச்சட்டங்களுக்கு முன்பே நம் மார்க்கம் விதித்த கடமையைப் பற்றியும் சற்றுச் சிந்திப்போம்.

கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வீடு தேடி அலைந்தவர்களுக்கு நாம் எதையும் விளக்கவேண்டியதில்லை. தொலைபேசியை எடுக்கும் தரகர் முதலில் கேட்பது, "மாதம் என்ன சம்பளம்?" என்றல்ல, "நீங்கள் என்ன இனம்?" என்றுதான். விளம்பரத்திலேயே "சீனருக்கு மட்டும்" என்றும், "மலாய்க்காரருக்கு மட்டும்" என்றும், "இந்தியர் வேண்டாம்" என்றும் கூசாமல் எழுதிவிடுகிறார்கள். தமிழ் முஸ்லிமின் பாடு இதில் இரட்டைச் சங்கடம். பெயரைக் கேட்டதும் ஒரு கதவு சாத்தப்படுகிறது. முகத்தைப் பார்த்ததும் மறு கதவு சாத்தப்படுகிறது. மனைவி மக்களோடு, கையில் முன்பணத்தோடு நிற்கும் ஒருவன், தான் செய்யாத குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறான். அந்த அவமானம் எத்தகையது என்பதை நம்மில் பலர் அறிவோம்.

கடன் விஷயமும் இப்படியே. நாணயமாகத் தொழில் செய்பவனுக்கு நியாயமான வழியில் முதல் கிடைக்காவிட்டால், அவன் எங்கே போவான்? வட்டிக்கடைக்குப் போவான், அங்கும் கிடைக்காவிட்டால் ஆலோங்கிடம் போவான். 1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டம், ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12, ஈடு இல்லாக் கடனுக்கு 18 என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. ஆலோங்குக்கோ வரம்பும் இல்லை, வாய்தாவும் இல்லை. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவதுதான் அவன் அனுப்பும் நோட்டீஸ். வட்டி நமக்கு ஹராம் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு சகோதரனை அந்தக் குழிவரை தள்ளிக்கொண்டுபோவது, முன்னே சாத்தப்பட்ட கதவுகள் அல்லவா?

சரி, பிறர் நமக்கு அளந்த படியைப் பார்த்தோம். இனி, நம் கையிலுள்ள படியையும் பார்ப்பது நீதி.

இன்று நம் சமூகத்தில் வாடகைக்கு இருப்போரும் உண்டு, வாடகைக்கு விடுவோரும் உண்டு. கடைவீட்டுக்கு மேல்மாடி, தாமானில் இரண்டாவது வீடு, அடுக்குமாடியில் ஓர் அறை என்று அல்லாஹ் பலருக்கு அருள் புரிந்திருக்கிறான். வீடு கேட்டு வருபவர் வங்காளதேசத்துத் தொழிலாளியாக இருந்தால், மியன்மாரிலிருந்து வந்த அகதியாக இருந்தால், ஆப்பிரிக்க மாணவராக இருந்தால், ஏன், நம் தமிழே பேசும் இந்துவோ கிறிஸ்தவரோ ஆக இருந்தால், நம்மவரில் சிலர் சொல்லும் பதில் என்ன? "அந்த ஆட்கள் வேண்டாம்" என்பதுதானே? நமக்குச் சொல்லப்பட்டபோது நெஞ்சில் முள்ளாகத் தைத்த அதே சொல், நம் வாயிலிருந்து வரும்போது மட்டும் முன்யோசனை ஆகிவிடுமா?

மளிகைக் கடையில் அட்டைமேல் 555 என்று போட்ட சிறு குறிப்புப் புத்தகம் ஒன்று தொங்குமே, அதையும் திறந்து பார்ப்போம். மாதக் கடைசியில் கைமுடையானவர்களை ஒரு தலைமுறை முழுவதும் காப்பாற்றிய புத்தகம் அது. அதில் யார் பெயரை எழுதுகிறோம், யாருக்கு "ரொக்கம் மட்டும்" என்கிறோம்? தவணை தவறியவருக்கு மறுப்பது நியாயம், அது வியாபாரம். ஒருமுறைகூடத் தவறாதவருக்கு, அவர் இன்ன சாதி, இன்ன நாடு, இன்ன சமயம் என்பதற்காக மறுத்தால் அது வியாபாரம் அன்று. அது இரண்டாவது படி.

இவ்விஷயத்தில் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி, சட்டத்தின்முன் எல்லாரும் சமம் என்கிறது. சமயம், இனம், வமிசம், பிறந்த இடம், 2001-ஆம் ஆண்டு முதல் ஆண் பெண் என்ற வேற்றுமை, இவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு, சொத்து வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் வியாபாரம் நடத்துவதிலும் எந்தச் சட்டமும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டலாகாது என்கிறது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்த இடங்கள் மட்டும் விலக்கு. ஆனால் இந்த விதி கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனி மனிதரை அன்று. 2005-ஆம் ஆண்டில் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆகவே, அரசாங்கம் "உன் இனத்துக்கு வீடு இல்லை" என்றால் அரசியலமைப்பைக் காட்டலாம். வீட்டுக்காரர் சொன்னால் அதைக் காட்டிப் பயனில்லை.

வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் நெடுங்காலமாக 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1951-ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டம் முதலிய பொதுச் சட்டங்களைக் கொண்டே வழக்கைத் தீர்த்துவந்தார்கள். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து இனப் பாகுபாட்டையும் கட்டுப்படுத்துவோம் என்று 2019-ஆம் ஆண்டில் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு அறிவித்தது. அதன்பின் ஆண்டுகள் பல ஓடின. கூட்டங்கள் நடந்தன, கருத்துகள் கேட்கப்பட்டன. வீட்டுக்கு அலைந்தவன் அத்தனை காலமும் அலைந்துகொண்டுதான் இருந்தான்.

நம் முன்னோரின் நாட்டிலும் இதே கதைதான். இந்தியாவின் பெருநகரங்களில் முஸ்லிம் என்றதும் வீடு இல்லை என்று சொல்லப்படுவதைப் படித்து நாம் கொதிக்கிறோம். அதே 2005-ஆம் ஆண்டில், அஹமதாபாத்தில் பார்ஸிகளின் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பார்ஸிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்பது செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பாதிக்கப்படுவோர் பட்டியலில் நாம் நிற்கிறோம். அங்கே நியாயம் கேட்கும் வாய், இங்கே அநியாயம் செய்யும் கையைத் தட்டிக் கேட்கவேண்டாமா?

மேலை நாடுகள் இந்த நோயை நீண்ட காலம் சுமந்து பிறகே மருந்து தேடின. அமெரிக்காவில் 1930-களில் அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வண்ணப் படங்கள் வரைந்தது. பச்சை நல்ல பகுதி; சிவப்பு ஆபத்தான பகுதி. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் சிவப்பில் விழுந்தன. சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவனுக்குக் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாவிட்டால் சொந்த வீடு இல்லை. சொந்த வீடு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஆஸ்தி இல்லை. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், வீட்டு விஷயத்தில் இன, சமயப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே கையெழுத்தாயிற்று. 1974-ஆம் ஆண்டில் கடன் விஷயத்தில் சம வாய்ப்புச் சட்டம் வந்தது. அது முதலில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தடுத்தது. 1976-இல் இனம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றுக்கும் விரிந்தது. பிரிட்டனிலும் 1965-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் வாடகை வீட்டைத் தொடாமல் விட்டது. கறுப்பருக்கு அறை இல்லை என்று சன்னலில் அட்டை தொங்கவிடும் வழக்கத்தின்மேல் 1968-ஆம் ஆண்டுச் சட்டமே கைவைத்தது.

இச்சட்டங்களில் வியாபாரி கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நஷ்டப்பட்டுக் கடன் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடகை கட்ட வழியில்லாதவனுக்கு வீடு கொடு என்றும் சொல்லவில்லை. வருமானத்தைப் பார், பழைய கணக்கைப் பார், ஜாமீன் கேள். எல்லாரிடமும் ஒன்றுபோலக் கேள் என்கிறது. கடன் மறுத்தால் அதற்குக் காரணம் சொல்லவேண்டும் என்ற கடமையையும் அமெரிக்கச் சட்டம் வைத்தது. காரணம் சொல்லவேண்டிய இடத்தில்தான் மனிதன் தன் மனத்தைத் தானே பார்க்கிறான். "உன் தோல் பிடிக்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட எவனுக்குத் துணிவு வரும்?

சகோதரர்களே! இவையெல்லாம் பிறர் நாட்டுப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். இதன் வேர் மக்கமா நகரத்துக் கடைத்தெருவில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் வருமுன், அவர்கள் இருபது வயது வாலிபராக இருந்த காலம் அது. யமன் தேசத்து ஸபீதைச் சேர்ந்த ஒரு வியாபாரி சரக்கோடு மக்காவுக்கு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வாக்குள்ள பிரமுகர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தார். வெளியூர்க்காரர்; கேட்க ஆளில்லை; பெரிய குடும்பங்களும் கைவிட்டன. அவர் அபூ குபைஸ் மலைமேல் ஏறி நின்று, கஅபாவின் அருகே கூடியிருந்த குறைஷியர் காதில் விழும்படி முறையிட்டார். அதன்பின் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, மக்காவில் அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவர் உரிமையை மீட்டுக்கொடுக்கும் வரை ஒன்றாக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் நாயகம் (ஸல்) அவர்களும் பங்குகொண்டார்கள். நபித்துவம் பெற்ற பின்னரும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, இஸ்லாம் வந்த பிறகும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைத்தால் இணங்குவேன் என்ற கருத்துப்பட மொழிந்தார்கள்.

இதை நன்றாக எண்ணிப் பாருங்கள். கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நீதி கேட்டவர் முஸ்லிம் அல்லர். விஷயமோ ஒரு வெளியூர் வியாபாரியின் பாக்கி. ஆயினும் அதைப் பின்னாளிலும் தம் உடன்படிக்கையாகவே நாயகம் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியிருக்க, சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒன்றுகூடி, வாடகையிலும் கடனிலும் பாகுபாடு கூடாது என்று சட்டம் கேட்கும்போது, தமிழ் முஸ்லிம் வணிகர் சங்கங்கள் முன்வரிசையில் நிற்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

கடனைப் பற்றி இன்னொரு செய்தி. நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது, அவர்களுடைய கவசம் ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அரபுத் தீபகற்பம் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் அது. அண்ணலார் சமயத்தைப் பார்த்துக் கொடுக்கல் வாங்கலை நிறுத்தவில்லை. அந்த யூதரும் ஈட்டை வாங்கிக்கொண்டு கோதுமை கொடுக்கத் தயங்கவில்லை. ஈடு இருந்தது, அளவு இருந்தது, நாணயம் இருந்தது. இவற்றுக்கு மேல் அந்த வியாபாரத்தில் எந்தக் கேள்வியும் எழவில்லை.

இனி நம் கண்ணெதிரில் உள்ள கம்போங் மேடானுக்கு வருவோம். பழைய கிள்ளான் சாலை ஓரத்திலே, புறம்போக்குக் குடிசைகளும், நீண்ட வீடுகளும், மலிவு விலை அடுக்குமாடிகளும் நெருக்கியடித்து நின்ற வட்டாரம் அது. வேறெங்கும் இடம் கிடைக்காத ஏழை மலாய்க்காரரும் ஏழை இந்தியரும் இந்தோனேசியரும் அங்கே பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தார்கள். 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு சிறு தகராறு வதந்தியாகப் பரவிக் கலவரமாக மூண்டது. சில நாட்களில் ஆறு உயிர்கள் போயின; பலர் வெட்டுக்காயத்தோடு மருத்துவமனை சேர்ந்தார்கள். 2005-க்குள் புறம்போக்குக் குடிசைகளே இல்லாமற் செய்வோம் என்று சிலாங்கூர் மாநில அரசு திட்டமிட்டது. குடிசைவாசிகள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் சுவரை மாற்றினால் மட்டும் மனம் மாறிவிடுமா? 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதே வட்டாரத்துத் தாமான் மேடானில், ஒரு கடைவீட்டில் வழிபட்டுவந்த கிறிஸ்தவர்கள் சுவரில் வைத்திருந்த சிலுவையை அகற்றச் சொல்லி ஒரு கூட்டம் திரண்டது. சிலுவை இறக்கப்பட்டது. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழு மதீனாப் பள்ளிவாசலிலேயே தம் முறைப்படி வழிபட நாயகம் (ஸல்) அவர்கள் இடம் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நபியின் உம்மத்துக்கு வாடகைக் கடைவீட்டுச் சுவரிலிருந்த ஒரு சிலுவை எப்படிப் பாரமாயிற்று?

வாடகையில் ஆள் பிரிப்பதற்கும் கலவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இன்ன இனத்தார் இன்ன தாமானில், இன்ன இனத்தார் இன்ன அடுக்குமாடியில் என்று வீட்டுக்காரர்களும் தரகர்களும் பிரித்து வைத்தால், நல்ல வீடுகளின் கதவு ஏழைக்குச் சாத்தப்படும். எங்கும் இடம் கிடைக்காதவர்கள் ஒரே மூலையில் நெருக்கப்படுவார்கள். வெளியே இருப்பவன் அவர்களை அறியான். அறியாதவனைப் பற்றி வரும் வதந்தியை எளிதில் நம்புவான். மனிதரைப் பல சமூகங்களாகவும் குலங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று ஸூரத்துல் ஹுஜுராத் போதிக்கிறது. அடுத்த வாசலில் குடியிருக்க விடாமல் எப்படி அறிந்துகொள்வது? அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உண்டு. யூதரை அண்டையில் குடியிருக்கவே விடாதவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் பாக்கியம் எங்கே கிட்டும்?

"அவர்கள் வீட்டைக் கெடுத்துவிடுவார்கள், வாடகை தரமாட்டார்கள், பத்துப் பேரை அடைத்துவிடுவார்கள்" என்று சொல்வோர் உண்டு. வீட்டுக்காரரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பாடுபட்டுச் சேர்த்த சொத்து. கடன் வாங்கிக் கட்டிய வீடு. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து ஒப்பந்தம். இனக் கேள்வி அன்று. இரண்டு மாத முன்பணம் வாங்குவது இந்நாட்டு வழக்கம். அதை எல்லாரிடமும் வாங்குங்கள். எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதுங்கள். முன்பிருந்த வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282-ஆவது வசனமே திருமறையில் மிக நீண்ட வசனம் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். அல்லாஹ் எழுதச் சொன்னது கணக்கை. அவன் குலத்தையும் நிறத்தையும் எழுதச் சொல்லவில்லை. எழுதிய பின் எவன் வாக்குத் தவறினாலும் அவனை வெளியேற்ற வழக்குமன்றம் இருக்கிறது. தவறியவன் இனத்துக்கே தண்டனை கொடுக்க நமக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஆகவே நம் சங்க அங்கத்தினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவது, வாடகை விளம்பரத்தில் இனத்தின் பெயரை எழுதாதீர்கள். தரகர் எழுதினாலும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, வீடோ கடனோ மறுக்க நேர்ந்தால், வந்தவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய காரணத்தோடு மறுங்கள். சொல்ல நா கூசும் காரணம் நியாயமான காரணம் அன்று. மூன்றாவது, நம் உணவகங்களிலும் கடைகளிலும் பாடுபடும் அயல்நாட்டுத் தொழிலாளருக்கு நாமே வீட்டுக்காரர். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டம், சுரங்கம் கடந்து பிற தொழில்களுக்கும் விரிந்தது. இடமும் காற்றும் தண்ணீரும் அவர்களுக்கு உரிமை. நாம் போடும் பிச்சை அன்று. நான்காவது, வட்டியில்லாக் கைமாற்றுக்குச் சங்கம் ஒரு சிறு நிதி திரட்டட்டும். ஆலோங்கின் வாசலுக்குப் போகுமுன் நம் வாசலுக்கு வரட்டும். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்வது திருமறை. ஐந்தாவது, வாடகையிலும் கடனிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு எழுத்து மூலம் ஆதரவு தெரிவியுங்கள். நமக்கு நேர்ந்த அவமானங்களை மட்டுமன்றி, பிறருக்கு நேர்ந்தவற்றையும் அந்த மனுவில் சேருங்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். சட்டத்தின் கை வாடகை ஒப்பந்தம் வரை நீளும், நெஞ்சுக்குள் நீளாது. ஒரு கூட்டத்தார்மீது உள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று ஸூரத்துல் மாயிதாவில் இறைவன் கட்டளையிட்டிருக்கிறான். மறுமையில் மீஸான் என்னும் தராசு நிறுத்தப்படும் நாளில், இன்ன சட்டம் அப்போது அமலில் இல்லை என்று வாதாட முடியாது. அங்கே ஒரே ஒரு தராசுதான்.

யா அல்லாஹ்! வீடின்றி அலைவோருக்கு வீடு கொடுப்பாயாக! கடனில் மூழ்கியோரைக் கரையேற்றுவாயாக! எங்களுக்குக் கொடுக்கப்படும்போது எந்தப் படியை நாங்கள் விரும்புகிறோமோ, அதே படியால் பிறருக்கும் அளக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! இந்நாட்டு மக்கள் எல்லாரையும் அண்டை வீட்டாராய் வாழச் செய்வாயாக! ஆமீன்.